ஆளில்லாத வீட்டின் முன் மஞ்சள் கார்

மேகம் நகரட்டும், அதுவரைக்கும் இப்படியே குப்புறப் படுத்துக் கிடக்கலாம், முழங்கைக்கு அடியில் ஜல்லி குத்துகிறது, குத்தட்டும், எனக்கு வேண்டியதுதான், கேமராவில் ஒரு கண்ணை வைத்து இன்னொரு கண்ணை மூடிக்கொண்டிருப்பவனிடம் யாரும் வந்து பேசமாட்டார்கள், அது ஒரு வசதி, வாயைத் திறந்தபடி என் நாற்காலியில் சாய்ந்திருக்கும் நோயாளியிடம் நான் பதில் எதிர்பார்க்காத மாதிரி. முன்னால் துஷ்யந்தின் மஞ்சள் கார் நிற்கிறது. இரண்டே கதவு, தரைக்கும் அதன் வயிற்றுக்கும் நடுவில் கை நுழையாது, துஷ்யந்த் மெல்லிய துணியால் அதன் மூக்கைத் துடைத்துக்கொண்டே இருக்கிறான், துடைத்த இடத்திலேயே மறுபடி. காருக்குப் பின்னால் மூடிப்போன மில்லின் தொழிலாளர் லைன் வீடுகள், வரிசையில் பாதி இடிந்துவிட்டது, கடைசி வீடு மட்டும் ஓட்டோடு நிற்கிறது, என் வீடு என்று சொல்ல வந்துவிட்டேன், என் படத்தில் இருக்கும் வீடு, போன வருடம் பரிசு வாங்கிய படம். செய்தித்தாளின் ஞாயிறு இணைப்பில் அரைப்பக்கத்துக்குப் போட்டார்கள், கீழே நான் வைத்த தலைப்பு, ‘யாருமில்லை’, அதற்கும் கீழே என் பெயர், டாக்டர் கனகசபாபதி, பல் மருத்துவர், கோயமுத்தூர். யாருமில்லாத அந்த வீட்டுக்குள்ளிருந்து இப்போது பம்ப் ஸ்டவ் இரைகிற சத்தம் வருகிறது. மரகதம் என்கிற அந்த அம்மா எங்களுக்கு டீ போடுகிறார். வேண்டாம் என்று சொல்லியும் கேட்கவில்லை, உள்ளே போகும்போது ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டுப் போனார், அந்தக் கேள்விக்குத்தான் நான் இங்கே தரையில் ஒளிந்துகொண்டிருக்கிறேன். எங்க துணிக்கொடி உங்க படத்துல விழாமப் போயிருக்குமுங்களா, வெயில்ல சில சமயம் அப்படி ஆகுமுங்களா. ஆகாது அம்மா. வெயிலில் எதுவும் விழாமல் போகாது, வெயிலில்தான் எல்லாமே விழும். இதைச் சொல்லாமல் பார்க்கணுங்க என்றேன், பார்க்கணும் என்பது நான் கிளினிக்கில் பிடுங்கியே ஆகவேண்டிய பல்லைப் பற்றிச் சொல்கிற வார்த்தை.

மேகம் ஒரே இடத்தில் நிற்கிறது. துஷ்யந்த் செல்போனில் வானிலை பார்க்கிறான், பத்து நிமிஷத்துல கிளியர் ஆயிரும் டாக்டர் என்கிறான், நான் உம் என்கிறேன், உம் சொல்ல வாயைத் திறக்க வேண்டியதில்லை. வீட்டில் ஒட்டடை அடிக்க உங்களுக்கு நேரமில்லை, ஒட்டடையைப் படம் எடுக்க மட்டும் ஊர் ஊராகப் போகிறீர்கள் என்று என் மனைவி சுபத்ரா சொல்வாள், அவள் சொன்னால் சிரித்துவிடுவேன், இன்றைக்குச் சொன்னால் சிரிப்பேனா தெரியவில்லை. வாரம் முழுக்கச் சொத்தையை அடைப்பேன், ஞாயிற்றுக்கிழமை ஆனால் சொத்தையைத் தேடிக் கிளம்பிவிடுவேன். பூட்டிக்கிடக்கும் தியேட்டர், ரயில் நிற்காமல் போன ஸ்டேஷன், தண்ணீரில்லாத நீச்சல் குளம். அங்கெல்லாம் ஒரு அமைதி இருக்கும், யாரும் கூப்பிடமாட்டார்கள், யாருக்கும் வலிக்காது. எங்கள் ஃபோட்டோ கிளப்பில் இருபது பேருக்குமேல் இப்படிப் பைத்தியங்கள், துஷ்யந்த் வருவது காருக்காக, பாழடைந்த சுவருக்கு முன்னால் பளபளவென்று கார் நின்றால் அதற்குத் தனி எடுப்பு என்பான், அது உண்மைதான், அழுக்கைப் பக்கத்தில் வைத்தால் மினுக்கம் கூடும். கிளப்புக்கு ஒரு சட்டம் உண்டு, பெருமையாகச் சொல்லிக்கொள்வோம், போன இடத்தில் எதையும் தொடக்கூடாது, எதையும் நகர்த்தக்கூடாது, ஒரு செங்கல்லைக்கூட அழகுக்காகத் திருப்பி வைக்கக்கூடாது. இன்னொன்றும் உண்டு, உள்ளே போவதற்குமுன் யாராவது இருக்கிறார்களா என்று ஒரு தடவை குரல் கொடுக்க வேண்டும். கொடுத்தேன். அன்றைக்கு இதே இடத்தில் நின்று கொடுத்தேன். யாராச்சும் இருக்கீங்களா. ஆனால் எந்தக் குரலில் கொடுத்தேன் என்பது எனக்குத் தெரியும், தூங்கும் குழந்தையின் அறையில் பேசுகிற குரல், கேட்டுவிடக்கூடாது என்கிற குரல், அப்படிக் கூப்பிட்டுவிட்டு உடனே ஷட்டரை அழுத்தினேன். பதில் வந்திருந்தால் படம் போயிருக்கும். சாயங்கால வெயில் ஓட்டின்மேல் அப்படி வழிந்தது, இன்னும் கொஞ்ச நேரத்தில் அது போய்விடும், அந்த அவசரத்தில் மனுஷன் எதைத்தான் கேட்பான். இதோ, இப்போதும் சாக்குத்தான் சொல்கிறேன்.

தொடவில்லை, நகர்த்தவில்லை, அதில் எனக்குச் சுத்தமான மனசு இருந்தது. வீட்டு வாசலில் குறுக்கே துணிக்கொடி கட்டியிருந்தது, அதில் பூப்போட்ட நைட்டி ஒன்றும் துண்டு ஒன்றும், படிக்கட்டில் பச்சை பிளாஸ்டிக் குடம். அவற்றைக் கையால் தொடாமல் வந்ததற்காக என்னை நானே மெச்சிக்கொண்டேன். வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டரில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக அழித்தேன். நைட்டியை அழித்து அது மறைத்திருந்த சுவரைப் பக்கத்துச் சுவரிலிருந்து எடுத்துப் பூசினேன், கயிற்றை நூல் நூலாக, குடத்தின் நிழலைக்கூட விடவில்லை, நிழலை விட்டுவிட்டால் பார்க்கிறவன் கண்டுபிடித்துவிடுவான். உடைந்த முன்பல்லைக் கட்டுகிறவனுக்கு இது ஒரு வேலையா. முடித்துவிட்டுத் தள்ளி உட்கார்ந்து பார்த்தேன், வீடு சுத்தமாகச் செத்திருந்தது, எனக்குக் கண் கலங்கியது, வெட்கக்கேடு, நானே கொன்றுவிட்டு நானே அழுதேன். கிளப்பில் முன்னும் பின்னுமாக இரண்டு படத்தையும் போட்டுக் காட்டினேன், எப்படி அழித்தேன் என்று பாடம்கூட எடுத்தேன், கைதட்டினார்கள். கொடியும் குடமும் மட்டும்தான் காட்டினேன். மூன்றாவதைக் காட்டவில்லை. மூன்றாவதை அதற்கு முன்பே அழித்துவிட்டேன், கிளப்பில் காட்டிய ‘முன்’ படத்திலேயே அது இல்லை. அதை எதற்கு இப்போது நினைப்பானேன். கொடி, குடம், அவ்வளவுதான், கொடி என்ன, யாராவது வழிப்போக்கர் காயப்போட்டிருக்கலாம், குடம் என்ன, குடம் தன்பாட்டுக்குக் கிடக்கும். நைட்டி ஈரமாக இருந்தது. நுனியிலிருந்து தண்ணீர் சொட்டியது, அதைப் படத்திலேயே பார்த்தேன், பெரிதாக்கிப் பார்த்தபோது ஒரு சொட்டு அந்தரத்தில் நின்றது, அதையும் அழித்தேன்.

இங்கே திரும்பி வந்திருக்கவே கூடாது. துஷ்யந்த்தான் கெஞ்சினான், டாக்டர், அந்த வீட்டுக்கு முன்னாடி என் வண்டி, ஒரே ஒரு ஃப்ரேம், நீங்கதான் எடுக்கணும். வேண்டாம் என்றேன், வேறு இடம் சொன்னேன், நீங்க எடுத்தா அது வேற லெவல் டாக்டர் என்றான், அந்த ஒரு வார்த்தைக்கு நாக்கைத் தொங்கப்போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டேன். வருடம் ஒன்றாகிவிட்டது, யார் இருக்கப்போகிறார்கள் என்று நினைத்தேன், யாரும் இருக்கக்கூடாது என்று நினைத்தேன் என்பதுதான் சரி. மில் வாசலில் பழைய தண்டவாளம் ஒன்று தரைக்குமேல் துருத்திக்கொண்டிருந்தது, கார் அதில் ஏறினால் வயிறு கிழியும், துஷ்யந்த் அங்கே விழுந்துகிடந்த ஒரு கதவை இழுத்துவந்து போட்டு அதன்மேல் காரை ஏற்றினான், கதவு படக்கென்று பிளந்தது, தொடக்கூடாது நகர்த்தக்கூடாது என்கிற சட்டம் அவனுக்கு ஞாபகம் வரவில்லை, எனக்கு வந்தது, சொல்லவில்லை. அந்தச் சத்தத்துக்குத்தான் மரகதம் அம்மா வெளியே வந்தார். முந்தானையில் கை துடைத்துக்கொண்டே வந்தார், ஐம்பத்தைந்து வயது இருக்கும், காரைப் பார்க்கவில்லை, கேமராவைத்தான் பார்த்தார். “ஏனுங்க, போன வருசம் வந்து எங்க ஊட்டைப் படம் புடிச்சது நீங்களுங்களா?” எந்தப் படம் என்று கேட்டேன். வாயிலிருந்து தானாக வந்தது, யோசித்துச் சொன்ன பொய்கூட இல்லை, முழங்காலில் தட்டினால் கால் எகிறுகிற மாதிரி. துஷ்யந்த் விடுவானா, “இவரேதாம்மா, டாக்டர், ஸ்டேட் லெவல்ல பரிசு வாங்கினவர்” என்றான். அந்த அம்மா கையெடுத்துக் கும்பிட்டார். “உங்களைத்தானுங்க தேடிக்கிட்டிருந்தோம். பேப்பர் ஆபீசுக்குக்கூடப் போய்க் கேட்டனுங்க, விலாசம் தரமாட்டம்னுட்டாங்க.” என்னைத் திட்டத்தான் தேடியிருக்கிறார் என்று நினைத்தேன், திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

மில் நிலத்தை யாரோ வாங்கிவிட்டார்களாம். லைன் வீட்டில் எல்லாரும் போய்விட்டார்கள், இவர்கள் மட்டும் போகவில்லை, கேஸ் நடக்கிறது. இந்த வீட்டில் ஆளே இல்லை, வழக்குக்காகப் பின்னால் வந்து உட்கார்ந்துகொண்டார்கள் என்று எதிர்த்தரப்பு வக்கீல் சொல்கிறாராம், அதற்கு என் படத்தைக் காட்டுகிறாராம், பரிசு வாங்கிய படம், பேப்பரில் வந்த படம், யாருமில்லை என்று எழுதியே இருக்கிறது. “ரேசன் கார்டைக் காட்டுனமுங்க. கார்டுல விலாசம் இருக்கும், ஊட்டுல ஆள் இருந்தாங்களான்னு கேக்கறாங்க. வர்ற புதங்கிழமை வாய்தா. எங்க கொடி விழுந்த மாதிரி வேற படம் ஏதாச்சும் உங்ககிட்ட இருக்குதுங்களா?” அப்புறம்தான் அந்தக் கேள்வியைக் கேட்டார், விழாமப் போயிருக்குமுங்களா. என்மேல் துளிச் சந்தேகம் இல்லை, கேமராமேல்தான் சந்தேகம், அதுவும் கேமராவுக்காகப் பரிந்து பேசுகிற மாதிரி. கடைசியாக இன்னொன்றும் சொன்னார், அதை நான் நினைக்காமல் இருக்கப் பார்க்கிறேன், அது ஜல்லி மாதிரி முழங்கைக்குக் கீழேயே இருக்கிறது. “எங்கூட்டுக்காரரு அன்னிக்கே சொன்னாருங்க, யாரோ வாசல்ல கூப்பிட்டாங்கன்னு. அவருக்கு ஒரு பக்கம் கை காலு வராது, வாயும் கொழறும். நானும் பதில் சொன்னேன்னாரு. நாந்தான் நம்பல, கனவு கண்டிருப்பீங்கன்னு சொல்லிட்டேன்.” பதில் சொல்லியிருக்கிறார். எனக்குக் கேட்டதா. ஒரு இருமல் மாதிரி, கதவு முனகுகிற மாதிரி ஏதோ கேட்டது, பாழடைந்த வீட்டில் ஏதாவது கேட்கத்தானே செய்யும் என்று நினைத்தேன், நினைத்தேனா, இப்போது நினைத்துக்கொள்கிறேனா. புதன்கிழமை. முதலில் எடுத்த படம் என்னிடம் இருக்கிறது. பரிசு கொடுக்கிறவர்கள் முதல் படத்தையும் கேட்பார்கள் என்று பயந்து அந்த மெமரி கார்டை அழிக்காமல் பைக்குள் உள்ஜிப்பில் வைத்திருந்தேன், அவர்கள் கேட்கவில்லை, என் இடுப்பிலிருந்து ஒரு முழம் தள்ளி அந்தப் பை கிடக்கிறது. கொடுத்தால் வீடு நிற்கும். கொடுத்தால் நான் அழித்தவன் என்பது கோர்ட்டில் வரும், பேப்பரில் வரும், கிளப்பில் கைதட்டியவர்கள் எல்லாரும் போனில் கூப்பிட்டு ஆறுதல் சொல்வார்கள், நோயாளிகள் வாயைத் திறந்துகொண்டு என் முகத்தைப் பார்ப்பார்கள். கொடுக்காவிட்டால் ஒன்றுமே ஆகாது. எனக்கு ஒன்றுமே ஆகாது, அதுதான் பயமாக இருக்கிறது, இந்த அம்மா புதன்கிழமையும் கேமராவைத்தான் குறை சொல்வார், வெயிலைக் குறை சொல்வார், என்னைச் சொல்லமாட்டார்.

ஸ்டவ் அணைந்துவிட்டது. கேமராவுக்குள் பார்க்கிறேன், காரின் மஞ்சள் கதவில் ஏதோ அசைகிறது, முதலில் புரியவில்லை, பிறகு புரிந்தது, மரகதம் அம்மா எனக்குப் பின்னால் வந்து நிற்கிறார், இரண்டு கையிலும் டீ கிளாஸ், அவர் உருவம் கதவில் விழுந்திருக்கிறது, பளபளப்பில் கொஞ்சம் வளைந்து, ஆனால் புடவைக் கரைகூடத் தெரிகிறது. கூப்பிடாமல் நிற்கிறார், நான் வேலையாக இருக்கிறேனாம். துஷ்யந்தும் பார்த்துவிட்டான், “அம்மா, கொஞ்சம் அந்தப் பக்கம், கதவுல நீங்க தெரியறீங்க” என்றான், அவர் பதறி நகர்ந்தார், டீ தளும்பியது, நகர்ந்த இடத்திலும் தெரிந்தார். “சரி விடுங்கம்மா, நில்லுங்க, பரவால்ல” என்றான் துஷ்யந்த், அவன் நல்லவன், அவரை அலைக்கழிக்க வேண்டாம் என்றுதான் சொன்னான், “டாக்டர் அப்புறம் உங்களை எடுத்துருவாரு. எது இருந்தாலும் எடுத்துருவாரு, தடமே தெரியாது. இந்த வீட்டுப் படத்துலயே கொடி, குடம் எல்லாம் இருந்துச்சு, அழிச்சதே தெரியலைல்ல?” சொல்லிவிட்டு மறுபடி துடைக்கக் குனிந்தான். நான் படுத்தே கிடந்தேன். மஞ்சள் கதவில் அந்த அம்மாவின் முகம் மட்டும் வளைவில் கலைந்திருந்தது, உருவம் மட்டும் அசையாமல் நின்றது. எழுந்திரு என்று சொல்லிக்கொண்டேன், எழுந்திருடா, எழுந்தேன். சட்டையெல்லாம் மண். அவர் முதலில் டீயைத்தான் நீட்டினார். வாங்கிக்கொண்டேன், வேறு என்ன செய்ய.

“எடுத்துட முடியுமுங்களா?” என்று கேட்டார். முடியும் என்றேன். “நீங்கதான் எடுத்தீங்களா?” ஆமாங்க என்றேன். அவர் வீட்டைத் திரும்பிப் பார்த்தார், கொடி இருந்தது, இன்றைக்குப் போர்வை காய்ந்துகொண்டிருந்தது, அது இருக்கிறதா என்று பார்த்துக்கொண்ட மாதிரி இருந்தது. பிறகு கேட்டார், “அப்ப, திரும்ப வெக்க முடியுமுங்களா?” நான் எத்தனையோ பேருக்கு எத்தனையோ கேள்விக்குப் பதில் சொல்லியிருக்கிறேன், இப்படி ஒரு கேள்வியை என்னிடம் யாரும் கேட்டதில்லை. வைக்க வேண்டியதில்லைங்க, முதலில் எடுத்தது அப்படியே இருக்கிறது என்றேன், பையைத் திறந்தேன், உள்ஜிப்பில் விரல் நுழையவில்லை, டீ கிளாஸை அவரே திரும்ப வாங்கி, இன்னொன்றோடு சேர்த்துத் தரையில் வைத்தார், நான் தேடி எடுப்பதற்கு வசதியாக. கார்டை மாற்றிப் போட்டுக் கேமராவின் பின்பக்கத் திரையில் காட்டினேன். குனிந்து பார்த்தார். “கொடி” என்றார். “என்ற நைட்டி, நாந்தான் காயப்போட்டனுங்க. குடம், இந்தக் குடம் ஓட்டையாப் போயிருச்சுங்க இப்ப.” விரலால் ஒவ்வொன்றாகத் தொடாமல் தொட்டுக் காட்டினார். முகம் மலர்ந்துவிட்டது, கோபப்படுவார் என்று காத்திருந்தேன், வரவில்லை. இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். கொடியும் குடமும் போதும், கேசுக்குத் தாராளம், மூன்றாவதை அவர் பார்க்கவில்லை, அது கதவிருட்டுக்குள் புள்ளி மாதிரி இருக்கிறது, சொன்னால்தான் தெரியும். என் கட்டைவிரல் பொத்தானை அழுத்தியது, கதவு பெரிதானது, இன்னும் பெரிதானது, இருட்டுக்குள் கயிற்றுக் கட்டிலின் ஒரு முனை, அதற்கு வெளியே நீட்டிக்கொண்டு ஒரு கால். உள்ளங்கால். சாயங்கால வெயிலின் ஒரே ஒரு கீற்று கதவுக்குள் நுழைந்து அதன்மேல் மட்டும் விழுந்திருந்தது. வீட்டில் உட்கார்ந்து பெரிதாக்கியபோது முதலில் இதைத்தான் பார்த்தேன், முதலில் இதைத்தான் அழித்தேன், விரல் விரலாக. “இதையும் எடுத்தேனுங்க” என்றேன். அவர் திரையை முகத்துக்குக் கிட்டத்தில் கொண்டுபோனார். நான் எதற்கோ தயாராகக் கண்ணை மூடிக்கொண்டேன். “ஏனுங்க” என்று அவர் கூப்பிட்டது என்னை இல்லை, வீட்டைப் பார்த்துக் கூப்பிட்டார், “ஏனுங்க, உங்க காலு இருக்குதுங்க. படத்துல உங்க காலு இருக்குது.” என்னிடம் கேட்காமலே கேமராவை வாங்கிக்கொண்டு உள்ளே ஓடினார், அந்த வயதில் அப்படி ஓட்டம். புதன்கிழமை நானே வருகிறேன் என்று அவர் முதுகைப் பார்த்துச் சொன்னேன், கார்டோடு வருகிறேன், அழித்தது நான்தான் என்று நானே சொல்கிறேன், சொன்னது அவருக்குக் கேட்டதோ என்னவோ, இந்தத் தடவை கேட்கிற குரலில்தான் சொன்னேன்.

மேகம் நகர்ந்துவிட்டது. வெயில் ஓட்டின்மேல் வழிந்து இறங்கி மஞ்சள் காரின்மேல் வந்து உட்கார்ந்தது, இவ்வளவு நேரம் காத்திருந்த வெயில், “டாக்டர், வந்துருச்சு, எடுங்க, எடுங்க” என்றான் துஷ்யந்த், திரும்பிப் பார்த்தான், என் கையில் கேமரா இல்லை. ஏன் டாக்டர் என்றான். உள்ளே இருக்குது என்றேன். வீட்டுக்குள் குழறிய குரல் ஒன்று ஏதோ சொல்லியது, அந்த அம்மா உம், உம் என்று கேட்டுக்கொண்டார், இருமல் மாதிரி, கதவு முனகுகிற மாதிரி, அதே குரல்தான், அன்றைக்கு எனக்குக் கேட்டிருக்கிறது. அந்த அம்மா வாசலுக்கு வந்து நின்றார். கொடியில் கிடந்த போர்வையைக் கொஞ்சம் ஒதுக்கிவிட்டு அதற்கு நடுவிலிருந்து பேசினார், சங்கடப்பட்டுக்கொண்டு, தப்பாக எடுத்துக்கொள்ளக்கூடாது என்கிற மாதிரி. “அவரு ஒண்ணு கேக்கச் சொல்றாருங்க. காலு பாக்க நல்லாலைன்னுங்களா எடுத்தீங்க?” படத்தில் அது ஒன்றுதான் நன்றாக இருந்தது. பார்க்கிறவன் கண் நேராக அங்கேதான் போகும், போனால் வேறெதையும் பார்க்கமாட்டான், அது ஒருவர் வீடு என்று தெரிந்துவிடும், அதனால்தான் எடுத்தேன், இதை எப்படிச் சொல்வது, யாரிடம் சொல்வது. “இல்லீங்க” என்றேன், “நல்லாத்தான் இருந்துச்சு.” அவர் தலையாட்டிவிட்டு உள்ளே திரும்பினார், காது மந்தமானவரிடம் சொல்கிற மாதிரி சத்தமாகச் சொன்னார், வெளியே நின்ற எங்கள் இரண்டு பேருக்கும் கேட்டது.

“நல்லாத்தான் இருந்துச்சாமுங்க.”